ஒரு மணி நேரத்தின் கால்பங்கு

தமிழ் கற்பிக்கிறவளுக்கு நர்சிங் பாடத்திட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரதிகளை வாசிப்பதுதான் எங்கள் தொழில். செய்யுளை மட்டும்தான் அப்படி வாசிக்க வேண்டும் என்றில்லை. அரசாணையும் விண்ணப்பப் படிவமும் கால அட்டவணையும்கூடப் பிரதிகளே. யாரை மனதில் வைத்து ஒரு பிரதி எழுதப்பட்டிருக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் கடந்துபோகிறது என்ற கேள்விகளை அவற்றிடமும் கேட்க முடியும். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் ஒழுங்குமுறையை நான் வாசித்தது அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் பெண்கள் இந்தப் பிரதிக்குள் நுழைகிறார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அவர்களுடைய ஒரு வாரம் எப்படி இருக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

செவிலியர் கல்விக்குள் பருவமுறையையும் கிரெடிட் முறையையும் கொண்டுவந்தது இந்த ஒழுங்குமுறை. ஒரு பருவம் 20 வாரம். வாரத்துக்கு 5 நாள், 40 மணி நேரம். பருவத்துக்கு 800 மணி நேரம். மொத்தம் எட்டுப் பருவங்கள். இதுவரை உறுத்தல் எதுவும் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது 1886இல் சிகாகோவில் ரத்தம் சிந்திக் கேட்ட அளவு. சென்னையில் 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியதும் அதன் தொடர்ச்சிதான். 40 மணி என்பது கண்ணியமான எண்ணாகவே தெரிகிறது.

உறுத்துவது அடுத்து வரும் கணக்கு. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் வாங்க வாரத்துக்கு 1 மணி நேரம் போதும். ஆய்வகப் பயிற்சியில் 2 மணி நேரம் வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியில் 4 மணி நேரம் வேண்டும். 20 வாரப் பருவத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரே ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பில் 20 மணி, ஆய்வகத்தில் 40 மணி, வார்டில் 80 மணி.

இந்த வரியை நிறுத்தி வாசிக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை எப்படிப் புரட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல, மாணவி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே எண்ணப்படுகிறது. மறுநாள் வார்டில் அதே மாணவி எண்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, நனைந்த விரிப்பை மாற்றி, அவர் மகனின் சிடுசிடுப்பையும் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு மணி நேரம் அதில் கால்பங்கு. கேட்டால் முழு மணி, செய்தால் கால் மணி. வீட்டுக்குள் பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலைக்கு இந்தச் சமூகம் கொடுக்கும் விலையை ஒரு பாடத்திட்டம் இவ்வளவு துல்லியமான பின்னமாக எழுதிக்காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கால்பங்கு இயற்கை விதி அல்ல. கலை அறிவியல் கல்லூரிகளில் செய்முறைக்கு 2 மணி நேரம் ஒரு கிரெடிட். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஆண்டுக்கு 1200 கற்றல் மணி நேரத்தை 40 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. அதாவது கிரெடிட்டுக்கு 30 மணி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 25 முதல் 30 மணி நேரம். வகுப்பு, ஆய்வகம், நூலகம், வீட்டில் படிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். அங்கே எண்ணப்படுவது மாணவரின் நேரம். நம்முடைய அட்டவணையின் கிரெடிட் எண்ணுவது நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும் நேரத்தை. அதிலும் கைகள் வேலை செய்யும் நேரத்தைக் குறைத்து எண்ணுகிறது.

இதற்கு ஒரு பதில் உண்டு. வகுப்பறை மணி தனியாக வருவதில்லை, அதற்குப் பின்னால் வீட்டில் படிக்கும் நேரம் இருக்கிறது, ஆகவே அதற்குக் கனம் அதிகம் என்பார்கள். வார்டு மணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்த நர்சிங் மாணவியையும் கேளுங்கள். கேர் பிளான் எழுத வேண்டும். மருந்துக் குறிப்பேடு எழுத வேண்டும். கேஸ் ஸ்டடி தயாரிக்க வேண்டும். செய்த ஒவ்வொரு செயல்முறைக்கும் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, கோடு போட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். டூட்டி முடிந்த பிறகுதான் இந்த எழுத்து தொடங்குகிறது. வார்டு மணியும் தன் நிழலை வீட்டுக்கு இழுத்துவருகிறது. அதற்குக் கனம் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்சிங் கல்லூரி விழாவில் கவிதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு எதையும் அவர்கள் கொடுத்திருக்கவில்லை. வந்த கவிதைகளில் பாதிக்கு மேல் தூக்கத்தைப் பற்றியவை. காதலைவிட, அம்மாவைவிட, மழையைவிட, பத்தொன்பது வயதில் இந்தப் பெண்கள் ஏங்குவது தூக்கத்துக்காக. கவிதையாக அவற்றில் பல சுமார்தான். சாட்சியமாக அவற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலம், பொழுது. இவை இரண்டும் சேர்ந்தே வரும். யாமம் என்றால் எந்த நிலத்து யாமம் என்று கேட்க வேண்டும். முல்லையின் மாலையும் நெய்தலின் எற்பாடும் ஒன்றல்ல. நர்சிங் பாடத்திட்டத்தில் பொழுது இருக்கிறது, நிலம் இல்லை. 40 மணி நேரம் என்பது யாருடைய 40 மணி, எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்புகிறவளின் 40 மணி என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. அந்த நிலத்தை நாம்தான் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. கல்லூரிக்கும் பெரிய மருத்துவமனைக்கும் இன்னும் வேலூருக்குத்தான் வர வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் தினமும் போய்வருகிறார்கள். பேருந்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே ஐந்து நாளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். 40 என்று எழுதியிருப்பது அங்கேயே ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். ஊர்விட்டு ஊர் போகும் புறநகர் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் எந்த வழியில் கரைகிறது என்று இந்த ஊர் மாணவிகளுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறார். மகள் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு நர்சிங். மகளுக்கு வார்டு போஸ்டிங் இருக்கும் நாட்களில் ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அம்மாவுக்குக் கம்பெனி பஸ் ஏழரைக்கு. நாலரைக்கு எழுந்து இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். மகள் குழம்புக்குக் கரைத்து வைத்துவிட்டு ஓடுகிறாள், அம்மா கொதிக்கவைத்து இறக்குகிறார். அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். இப்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார். தம்பி பாலிடெக்னிக். அந்த வீட்டில் நாலரைக்கு எழுந்திருப்பவர்கள் இருவர், அந்த இருவரும் பெண்கள். "அவ படிக்கிற பொண்ணு, எதுவும் செய்ய வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா" என்றார் அம்மா. மகள் சிரித்துக்கொண்டே, "நான் செய்யலைன்னா அம்மா மூணரைக்கு எந்திரிக்கணும், மிஸ்" என்றாள்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை 289 என்றும் 88 என்றும் வந்தன. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இடைவெளி அப்படியே நின்றது. ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல் எழுதிய புத்தகத்தில், வேலைக்குப் போய்வரும் பெண் வீட்டில் தொடங்கும் வேலையை ‘இரண்டாவது ஷிப்ட்’ என்று அழைத்தார். நர்சிங் மாணவிக்கு வார்டு ஒரு ஷிப்ட், ரெக்கார்டு நோட்டு ஒரு ஷிப்ட், வீடு ஒரு ஷிப்ட். பாடத்திட்டம் அறிந்திருப்பது முதலாவதை மட்டும். அதையும் கால்பங்காக.

நிலம் என்றால் தூரம் மட்டுமல்ல. இந்த ஊர்களில் தோலைத் தொடுவது யார் வேலையாக இருந்தது என்பதும் நிலத்தின் பகுதி. செத்த மாட்டின் தோலைத் தொடும் வேலையைச் சாதி தலித்துகளிடம் தள்ளியது. பதனிடும் தொட்டியில் இறங்கியவர்களும் பெரும்பாலும் அவர்களே. தோல் வணிகத்தை இங்கே வளர்த்த முஸ்லிம் சமூகத்தின் ஏழைப் பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறார்கள். அந்தத் திண்ணைத் தையலுக்கும் மணிக்கணக்கு கிடையாது. இந்த வீடுகளின் பெண்கள்தான் ப்ளஸ் டூ முடித்து நர்சிங்கைத் தேடி வருகிறார்கள். மருத்துவம் படிக்க 2017 முதல் நீட் என்ற மதில் நிற்கிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து உள்ளே போகக்கூடிய வாசல் நர்சிங்.

செவிலியர் வேலையும் தொடும் வேலை. ரத்தம், சளி, மலம், சீழ் எல்லாவற்றையும் தொட வேண்டும். தீட்டு பார்த்த சமூகம் இந்த வேலையையும் நெடுங்காலம் தள்ளியே வைத்தது. இந்தியாவில் தொடக்கத்தில் செவிலியர் பயிற்சிக்கு வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் அதிகமாக இருந்ததற்கு மிஷன் பள்ளிகள் ஒரு காரணம் என்றால், மற்றவர்கள் தொடத் தயங்கியது இன்னொரு காரணம். தோல் ஷாப்பின் மகள் வார்டுக்கு வருவதை முன்னேற்றம் என்கிறோம். முன்னேற்றம்தான். ஆனால் தொடும் கைக்கு மதிப்புக் குறைவு என்ற பழைய கணக்கு அவளுக்கு முன்பே வார்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கு நான்கு என்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இதே மண்ணில் வேறொரு தொடக்கமும் இருந்தது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் வந்து அழைத்ததையும், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று அவர்கள் மறுத்ததையும், விடிவதற்குள் மூவரும் இறந்துபோனதையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு என்று அது வளர்ந்தது. ஆண்கள் மருத்துவம் படிக்க அங்கே சேர்ந்தது 1947இல்தான். ஆக, இந்த வட்டாரத்தின் மருத்துவக் கல்வி, பெண்ணைத் தொட ஒரு பெண் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. கல்வியே தொடுதலுக்காக ஏற்பட்ட ஊரில், அந்தத் தொடுதலுக்குக் கால்பங்கு மதிப்பெண் போடும் பிரதியை நாம் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்திருக்கிறோம்.

இனி எட்டாம் பருவத்துக்கு வருகிறேன். அங்கேதான் பிரதி தன்னையறியாமல் உண்மையைச் சொல்கிறது. கடைசிப் பருவத்தில் மாணவி 22 வாரம் தீவிர உள்ளிருப்புப் பயிற்சி செய்ய வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம். மொத்தம் 1056 மணி நேரம். அதற்குக் கிரெடிட் 12.

48 என்ற எண் இந்த ஊருக்குப் பழக்கமானது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை தொழிற்சாலைகளுக்கு வகுத்த வரம்பு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்துக்கு 48 என்றே எழுதியது. அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்றும் எழுதியது. ஷூ கம்பெனியில் இருக்கும் அம்மாவுக்கு 48 ஒரு கூரை. அதற்கு மேலே போகும் நேரத்துக்கு ஓ.டி. என்று ஒரு பெயர் உண்டு. கொடுக்கிறார்களா, ஏமாற்றுகிறார்களா என்பது வேறு சண்டை. பெயர் இருப்பதால்தான் சண்டை போட முடிகிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எண்ணுக்காகப் போராடக் கற்ற மாநிலம் இது.

மகளுக்கு 48 கூரை அல்ல, தரை. அதற்குக் குறையக் கூடாது. நாற்பத்தொன்பதாவது மணிக்கு அவளிடம் பெயர் இல்லை. மாற்று ஆள் வரவில்லை, பொறுப்புச் சிஸ்டர் இன்னும் கொஞ்சம் நேரம் இரு என்கிறார், இருக்கிறாள். அது கற்றலா, உழைப்பா, உபகாரமா?

1987இல் மத்திய அரசு அமைத்த செவிலியர் பணிக்கான உயர்நிலைக் குழுவுக்குப் பின்னர் தலைமை தாங்கியவர் நம் சரோஜினி வரதப்பன். பணியில் இருக்கும் செவிலியர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணியாகக் குறைய வேண்டும், கூடுதல் நேரத்துக்கு விடுப்போ பணமோ தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நர்சிங் நிர்வாகப் பாடப்புத்தகங்களில் மாணவிகள் இதைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். சம்பளம் வாங்கும் செவிலியருக்கு 40 போதும் என்று சொல்லப்பட்டு முப்பது ஆண்டுகள் கழித்து, கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவிக்கு 48 என்று எழுதியிருக்கிறோம்.

மருத்துவ மாணவர்களின் நிலைமை மேல் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எண்ணுக்குப் பதில் பெயரடை கிடைத்திருக்கிறது. 1992இல் மத்திய அரசு உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி என்று சொன்னது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை ஒழுங்குமுறை ‘நியாயமான வேலை நேரம்’, ‘நியாயமான ஓய்வு’ என்று எழுதியது. நியாயம் எத்தனை மணி என்று எழுதவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட பணியின் நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன பெண் மருத்துவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். ஓய்வெடுக்க ஓர் அறைகூட இல்லாத இடத்தில் ‘நியாயமான ஓய்வு’ என்ற தொடருக்கு என்ன பொருள்? அதே ஆண்டில் ஆணையத்தின் பணிக்குழு உச்சவரம்பாகச் சொன்ன எண் வாரத்துக்கு 74. ஐரோப்பாவில் 2009 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கும் சராசரி 48தான் வரம்பு. அமெரிக்காவில் 1984இல் லிபி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் ஓய்வில்லாத பயிற்சி மருத்துவர்கள் என்ற விவாதம் எழுந்து, இருபது ஆண்டு போராட்டத்துக்குப் பின் 2003இல் அங்கே 80 என்று ஒரு வரம்பு வந்தது. எண் எழுதப்படாத இடத்தில் யாரோ சாக வேண்டியிருக்கிறது.

எனக்கு வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். செவிலியர் படிப்பு என்பது மனித உயிர். கைப்பழக்கம் வேண்டும். மணி நேரத்தைக் குறைத்தால் நோயாளிதான் பாதிக்கப்படுவார். ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே பொதுச் செவிலியருக்குக் குறைந்தது 4600 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் பாதியாவது நோயாளிகளிடம் நேரடியாகப் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. வார்டு நேரத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது எப்படி எண்ணப்படுகிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த 1056 மணி நேரம் கல்வி என்றால், அதை முழுக் கல்வியாக எண்ணுங்கள். வகுப்பறைக் கணக்கில் 12 கிரெடிட்டுக்கு 20 வாரப் பருவத்தில் 240 மணி நேரம் போதும். மீதி எண்ணூறு மணிக்கு மேல் கல்வியாக எண்ணப்படாமல் நிற்கிறது. அது கல்வி இல்லை, ஏற்கெனவே கற்றதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை என்றால், வேலைக்குரிய பெயரையும் கூலியையும் கொடுங்கள். கிரெடிட் கேட்டால் வேலை, கூலி கேட்டால் படிப்பு என்று இரண்டு பக்கமும் பேசக் கூடாது. பெண்களின் உழைப்பு காலங்காலமாக இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் காணாமல் போகிறது. சமையலைக் கடமை என்றார்கள், பிள்ளை வளர்ப்பைப் பாசம் என்றார்கள், செவிலியப் பணியைச் சேவை என்றார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து மாணவிகள் வார்டில் வேலை செய்துகொண்டேதான் கற்றார்கள். மருத்துவமனைகள் மாணவிகளை நம்பி ஓடிய வரலாறு நீண்டது. 2021ஆம் ஆண்டின் அட்டவணை அந்த வரலாற்றுக்குக் கிரெடிட் என்ற புதிய உடையைப் போட்டுவிட்டிருக்கிறது.

வருகைப்பதிவிலும் இதே மனப்பாங்கு. வகுப்புக்கு 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். பட்டம் வாங்குவதற்குள் மருத்துவமனைப் பயிற்சியில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். மாதவிடாய் வலியில் சுருண்டு படுத்த நாளும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேறொரு மருத்துவமனை வரிசையில் நின்ற நாளும் கடனாக நிற்கும். விடுமுறையில் அடைக்க வேண்டும். கேரள அரசு 2023 ஜனவரியில் தன் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பை நடைமுறைப்படுத்தி, தேர்வுக்குத் தேவையான வருகையை 75இலிருந்து 73 சதவீதமாக்கியது. இரண்டு சதவீதம் சிறியதுதான். ஆனால் அந்த ஆணையை எழுதியவர்களுக்கு மாணவிக்கு ஓர் உடல் இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. உடலைப் பற்றியே நான்கு ஆண்டுகள் கற்பிக்கும் ஒரு படிப்பின் விதிகளில், கற்பவளின் உடல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை, அட்டவணையைத் திருத்தினால் போதும். வார்டில் ஒரு மணி நேரம் குறைந்தது ஆய்வகத்தின் ஒரு மணி நேரத்துக்காவது சமமாக எண்ணப்பட வேண்டும். ரெக்கார்டு எழுதும் நேரம் 40 மணிக்குள் வர வேண்டும். அதற்கு டூட்டி நேரத்திலேயே அரை மணி ஒதுக்கினால் பெண்கள் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவார்கள். உள்ளிருப்புப் பயிற்சியில் 48ஐத் தாண்டும் ஒவ்வொரு மணியும் கையெழுத்தோடு பதிவாக வேண்டும், அதற்கு ஈடாக ஓய்வோ பணமோ கிடைக்க வேண்டும். இரவு டூட்டிக்கு மறுநாள் வகுப்பு வைக்கக் கூடாது. காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு, ஆம்பூரின் ஷூ கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களுக்குக் கிராமம் கிராமமாக அனுப்பும் பேருந்தைப் போல ஒன்றைக் கல்லூரிகள் அனுப்பலாம். லாபத்துக்காக ஒரு கம்பெனி செய்வதைக் கல்விக்காக ஒரு கல்லூரி செய்ய முடியாதா?

இவற்றை யார் கேட்பது என்பது கடினமான கேள்வி. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடுகிறவரிடம் போய் நாற்பத்தொன்பதாவது மணியைப் பற்றிப் பேச எந்த மாணவியாலும் முடியாது. அம்மாவுக்குச் சங்கம் இருக்கிறது, குறைந்தபட்சம் சங்கம் என்ற சொல் இருக்கிறது. மகளுக்கு இருப்பது மாணவர் மன்றம். அது ஆண்டுவிழா நடத்தும், செவிலியர் தினத்தன்று மெழுகுவர்த்தி ஏற்றும். தோல் தொழிலாளர் சங்கங்களும் செவிலியர் சங்கங்களும் மாணவிகளின் மணி நேரத்தைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நாளை அவர்களுடைய உறுப்பினர்களாகப் போகிறவர்கள் இவர்கள்தான்.

அதற்கு முன் மாணவிகளே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. போட்டிக்கு வந்த அந்தக் கல்லூரிக்கு அடுத்த முறை போனபோது நான் கவிதைப் பட்டறை நடத்தவில்லை. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, போன வாரத்தின் 168 மணி நேரத்தையும் எழுதச் சொன்னேன். வகுப்பு, வார்டு, ரெக்கார்டு, பேருந்து, அடுப்படி, துணி, தம்பியின் வீட்டுப்பாடம், பாட்டிக்கு மாத்திரை, தூக்கம். வீட்டிலிருந்து வருகிறவர்களில் ஒருத்தியின் தாளில்கூடப் படிப்புக்கும் பயணத்துக்கும் 40 என்ற எண் வரவில்லை, எல்லாம் அதற்கு மேலே. ஒருத்தி தன் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் நானா செய்யறேன்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அந்தத் தாளை வாங்கிக் கூட்டலைச் சரிபார்த்து, இரண்டு மணி நேரம் விட்டுப்போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். நர்சிங் கவுன்சில் அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது அந்தத் தாள்கள் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாள்களை ஒவ்வொரு கல்லூரியிலும் எழுதிச் சேர்ப்பது இன்றே தொடங்கக்கூடிய வேலை.